எண்பது மதிப்பெண்ணும் டைம்ஷீட்டும்

லண்டனில் நான் வேலை பார்க்கும் கட்டடக்கலை நிறுவனம் 2024 கடைசியில், லாபத்தோடு சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் கவனிக்கிற நிறுவனங்களுக்குத் தரும் பி கார்ப் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, காகிதம் திரட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. இந்தச் சான்றிதழைத் தரும் பி லேப் 2006-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. நிர்வாகம், ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல், வாடிக்கையாளர் என்று அப்போது ஐந்து தலைப்பு, மொத்தமாக 200-க்கு 80 எடுத்தால் போதும். கூடவே, இயக்குநர்கள் லாபத்தோடு ஊழியர் நலனையும் சுற்றுச்சூழலையும் பார்க்கவேண்டும் என்று கம்பெனியின் விதிமுறைகளையே திருத்தவேண்டும். பெரிய தலைவலியாக இருக்கும் என்று பயந்தோம், வக்கீல் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார், முடிந்தது.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவருக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். ஆண்டுக்கு 28,000 பவுண்ட் வாங்கும் ஒரு ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி வாரம் 37.5 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 14.36 வரும். லண்டனில் வாழ்வதற்கான ஊதியம் என்று அப்போது அறிவித்திருந்தது 13.85, ஆக பாஸ். ஆனால் அந்தப் பிள்ளை நிஜத்தில் 45 மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கணக்கு 11.97-க்கு இறங்கிவிடுகிறது. வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1998-லேயே இங்கே விதி வந்துவிட்டது, சரி, ஆனால் அதிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நம் தொழிலில் அந்தத் தாளைச் சேருகிற அன்றே நீட்டிவிடுவார்கள், யாரும் படிப்பதில்லை.

நாங்கள் ஒப்பந்த மணிநேரத்தையே போட்டோம். மறுசுழற்சிக் காகிதம், பசுமை மின்சாரம் என்று சுலபமான மதிப்பெண்களும் சேர்ந்துகொண்டன. உலகக் கார்பன் உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது, நாங்கள் வரைகிற ஒரு பேஸ்மென்ட்டில் கொட்டும் கான்கிரீட்டுக்கு முன்னால் பிரின்டர் காகிதம் எம்மாத்திரம்! ஆர்க்கிடெக்ட் ஆபீஸை அதன் ஆபீஸை மட்டும் பார்த்து எடைபோட்டால் இப்படித்தான் ஆகும்.

2025 ஏப்ரலில் பி லேப்காரர்கள் சான்றிதழ் விதியையே மாற்றிவிட்டார்கள். மொத்த மதிப்பெண் போய்விட்டது, ஏழு தலைப்பிலும் தனித்தனியாகத் தேறவேண்டும், நியாயமான வேலையும் காலநிலையும் அதில் உண்டு. பசுமை மின்சாரத்தைக் காட்டி ஊழியர் பக்கத்தைச் சரிக்கட்ட முடியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. அடுத்த புதுப்பித்தலுக்காக டைம்ஷீட்டில் உண்மையான நேரத்தை எழுதச் சொல்லி மெயில் வந்தது. திட்ட அனுமதிக்கு வரைபடம் போகும் வாரத்தில் மட்டும் எல்லோரும் இன்னும் 37.5 என்றே எழுதுகிறார்கள்.