ஸ்குரூவுக்கு நெயில் பாலிஷ்

"ஏனுங்க சார், லேப்டாப்புக்கு யாருங்க நெயில் பாலிஷ் போட்டு விட்டது?"

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை. ஃபேன் சத்தம் போடுதுன்னு கொண்டு போயிருந்தேன். தம்பி கவுத்து வச்சதும், அடியில ஒவ்வொரு ஸ்குரூ தலையிலும் ரோஸ் கலர் மினுமினுப்பு.

மகளோட பாட்டில்தான். ஜிகினா கலந்தது.

அந்த ஜிகினாத் துணுக்குகள் விழுந்த மாதிரியே இன்னொரு தடவை விழாது. காய்ஞ்சதும் கிட்டப் போய் போட்டோ எடுத்து வச்சுக்கணும். யாராவது கழட்டிட்டு மறுபடி பூசினா போட்டோவோட ஒத்துப்போகாது. திருட்டைத் தடுக்காதுங்க. கை வச்சது தெரியும், அவ்வளவுதான்.

ஏற்காட்டுல ரூம்ல மெஷினை விட்டுட்டு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் போனப்ப வந்த பயம் இது. ஆளில்லாத நேரத்துல மெஷின்ல கை வைக்கிற இந்த வேலைக்கு 2009ல ஜோவன்னா ருட்கோவ்ஸ்காங்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் 'ஈவில் மெய்ட்' (கெட்ட பணிப்பெண்) தாக்குதல்னு பேர் வச்சாங்க. (ரூம் கூட்டுற அக்கா என்ன பாவம் பண்ணுச்சோ!) டிஸ்க்கை பாஸ்வேர்டு இல்லாம படிக்க முடியாதபடி என்கிரிப்ட் பண்ணியிருந்தாலும், யூஎஸ்பி சொருகி அதுல இருந்து மெஷினை பூட் பண்ணி, பாஸ்வேர்டைப் பிடிக்கிற புரோகிராமை உள்ள வச்சுடலாம். அதனால, மெஷின் பூட் ஆகுறதுக்கு முன்னாடியே கேட்கிற பயாஸ் பாஸ்வேர்டும் போட்டிருக்கேன். அதை அழிக்கணும்னா பெரும்பாலும் மூடியைத் திறக்கணும். திறந்தா ஜிகினா காட்டிக்கொடுக்கும்.

தம்பி எல்லாத்தையும் சுரண்டிட்டு, உள்ளே இருந்து ஒரு கைப்பிடி தூசி எடுத்தான்.

வீட்டுக்கு வந்து பாட்டில் கேட்டேன்.

"இந்தத் தடவை பச்சை போடலாம்ப்பா."