காமிக் சான்ஸுக்கு என் ஓட்டு

காமிக் சான்ஸ் என்ற கணினி எழுத்துருவைக் கிண்டல் செய்யாத டிசைனர் உண்டா? ஆனால் அது பிறந்த காரணம் நியாயமானது. 1994-இல், மைக்ரோசாஃப்ட் பாப் மென்பொருளின் சோதனைப் பதிப்பில் ஒரு கார்ட்டூன் நாய் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் பேசிக்கொண்டிருந்தது. நாய்க்குச் செய்தித்தாள் எழுத்தா என்று மைக்ரோசாஃப்டின் எழுத்துரு வடிவமைப்பாளர் வின்சென்ட் கொன்னேருக்குப் பொறுக்கவில்லை. காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து, முனை மழுங்கிய, கொஞ்சம் கோணலான எழுத்துகளை வரைந்தார். பாவம், எழுத்துகளின் அளவு பெரிதாக இருந்ததால் பாப்பில் அது ஏறவே இல்லை. அப்புறம் விண்டோஸ் வழியாக ஊரெல்லாம் பரவியது. 2012-இல் இயற்பியலாளர் ஃபாபியோலா ஜியானொட்டி, செர்ன் என்ற ஐரோப்பிய துகள் ஆய்வகத்தில், ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகள் பற்றிய முடிவுகளையே இந்த எழுத்தில்தான் காட்டினார். அதற்கும் கிண்டல்! குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழுக்குத் தாராளமாகப் போடுங்கள். வக்கீல் நோட்டீஸுக்கு மட்டும் வேண்டாம், சரியா?