அந்த ஏழு மணி எந்த ஏழு மணி?

மலாயா ரப்பர் தோட்டத்து ஆட்களின் பழைய கதையைத் தேடுகிறவருக்கு இரண்டு வழி உண்டு: அவர்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, அந்தக் காலத்துப் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பற்றித் தோட்டத்து ஆள் ஒருவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், காலை ஏழு மணிக்குக் கும்மிருட்டில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றதாக வந்தால், வயசானவர் கூட்டிச் சொல்கிறார் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். 1942-இல் தோக்கியோ நேரத்துக்காக மலாயாவில் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அந்தக் கணக்கில் கோலாலம்பூரில் சூரியன் எழவே எட்டு மணி போல ஆகிவிடும். அவருடைய ஏழு, அதுவரை இருந்த கணக்கில் ஐந்தரை. இருட்டாகத்தானே இருக்கும்!

ஆண்டும் அப்படித்தான். அந்தக் காலத்துக் காகிதத்தில் ஜப்பான் கணக்குப்படி ஆண்டு 2603 என்று இருந்தால் 660-ஐக் கழியுங்கள், 1943 வரும்.

காசுதான் பெரிய தொல்லை. "மாசம் நாற்பது வெள்ளி" (மலாயாவில் டாலரை வெள்ளி என்பார்கள்) என்றால், எந்த வெள்ளி? வாழைமரம் போட்ட ஜப்பான் பத்து வெள்ளி நோட்டுக்கு 1942-இல் இருந்த மதிப்பு 1945-இல் இல்லை. ஜப்பான்காரன் தோற்றதும் அது வெறும் தாள். அதனால் தொகையை விட்டுவிட்டு, அதற்கு எத்தனை கட்டி அரிசி வந்தது என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். அரிசிக் கணக்கு பொய் சொல்வது குறைவு.

வாசகர் கடிதத்தில் இந்தத் தொல்லை இல்லை, தேதி மேலேயே இருக்கும். ஆனால் எழுதியவர் பெரும்பாலும் கிராணியோ (தோட்டத்துக் கணக்கர்) வாத்தியாரோதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் அபூர்வம். புனைபெயர் வேறு. ஆசிரியர் கத்தரித்தது எவ்வளவு என்பதும் தெரியாது. 1941-இல் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொரையை (வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் அதில் ஒரு கோரிக்கை. சம்பளத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். சைக்கிளை விட்டு இறங்கியவனுக்கு எப்படி இருந்தது என்பதை வாழ்க்கைக் குறிப்பில் அவனே சொன்னால்தான் உண்டு.

பழைய இதழ்களைத் தேட சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பு போதும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கிலத் தாளில் இன்றைய சொல்லான 'வொர்க்கர்' என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். 'கூலி', 'லேபரர்' என்று போடுங்கள். கடிதம் கிடைத்ததும் அதோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு வாரத்து இதழ்களையும் புரட்டுங்கள். மறுப்புக் கடிதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.