140 கிகாஹெர்ட்ஸில் கம்பி என்று எதுவும் இல்லை

ஆர்.எஃப். சிப், அதாவது ரேடியோ அலைகளை அனுப்பி வாங்கும் சிப், வடிவமைக்கிறேன் என்று சொன்னால், நாள் முழுக்க டிரான்சிஸ்டர்களோடு மல்லுக்கட்டுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆறாம் தலைமுறை (6ஜி) மொபைல் ஆய்வுக்காக 140 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்த பிறகு, என் நேரத்தில் பெரும்பங்கு டிரான்சிஸ்டரை விட்டு வெளியே வரும் உலோகக் கோடுகளுக்குத்தான் போகிறது.

காரணம் அலைநீளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை காற்றில் 12.5 சென்டிமீட்டர் நீளம். அதற்கு முன்னால் சிப்புக்குள் ஓடும் எந்தக் கோடும் வெறும் புள்ளி. இரண்டு முனைகளை இணைத்துவிட்டு மறந்துவிடலாம். 140 கிகாஹெர்ட்ஸில் காற்றிலேயே அலை 2.1 மில்லிமீட்டர்தான். சிப்பின் உலோக அடுக்குகளைச் சூழ்ந்திருக்கும் ஆக்சைடுக்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். அங்கே 100 மைக்ரான் கோடு போட்டால் சிக்னலின் ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் நிற்கும் இடம், 30 டிகிரிக்கு மேல் திரும்பிவிடுகிறது. ஸ்கிமேட்டிக்கில் சும்மா ஒரு கோடாக வரைந்தது, சிலிக்கனில் தானே ஒரு பாகமாகி உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் வேலை செய்யும் முறையே மாறிப்போகிறது. குறைந்த அதிர்வெண்ணில் ஒருவர் சர்க்யூட்டை வரைவார், லேஅவுட் செய்பவர் வாங்கிக்கொண்டு போவார், கடைசியில் உலோகக் கோடுகள் வேண்டாமலே கூட்டும் கெப்பாசிட்டன்ஸையும் ரெசிஸ்டன்ஸையும் கணக்கிடும் பாரசிட்டிக் எக்ஸ்ட்ராக்‌ஷன் ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கே அந்த வரிசை செல்லாது. டிரான்சிஸ்டர் கீழ் அடுக்கில் இருக்கிறது, நல்ல தடிமனான உலோகம் மேல் அடுக்கில் இருக்கிறது. நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக வயாக்கள் (அடுக்குகளை இணைக்கும் உலோகத் தூண்கள்) ஏறிப் போக வேண்டும். ஃபவுண்டரி, அதாவது சிப்பைத் தயாரிக்கும் ஆலை, கொடுக்கும் டிரான்சிஸ்டர் மாடல் பெரும்பாலும் கீழ் அடுக்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள ஏணி என் பொறுப்பு. அதை மின்காந்த சிமுலேஷனில் போட்டுப் பார்த்த பிறகுதான் பெருக்கியின் மேட்சிங்கை, அதாவது சிக்னல் திரும்பிப் போகாமல் கடக்கும்படி இரு பக்கத்தையும் பொருத்துவதை, பற்றியே யோசிக்க முடியும்.

அப்படியெல்லாம் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவது எவ்வளவு ஆதாயத்தை (சிக்னல் பெருகும் அளவை) என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எஃப்மேக்ஸ், அதாவது பெருக்கும் சக்தி தீர்ந்துபோகும் அதிர்வெண், 300 கிகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு சிமாஸ் (வழக்கமான சிலிக்கன் வகை) டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். 140இல் அதன் ஒருதிசை ஆதாயம் (வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பாது என்று வைத்துக் கணக்கிடுவது) சுமார் 6.6 டெசிபல். அதிலும் மேட்சிங் கோடுகள் ஒன்றிரண்டு டெசிபலைச் சாப்பிட்டுவிடும். 20 டெசிபல் வேண்டுமென்றால் நான்கைந்து நிலைகளை வரிசையாக அடுக்க வேண்டும். டிரான்சிஸ்டரின் உள்ளீடான கேட்டுக்கும் வெளியீடான டிரெயினுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸைக் குறுக்கே இரண்டு கெப்பாசிட்டர் போட்டு ரத்துசெய்யும் பழைய தந்திரம் இல்லாவிட்டால் இதுகூடத் தேறாது. செம்பில் மின்னோட்டம் மேற்பரப்பில் 0.17 மைக்ரான் ஆழத்துக்குள் ஒதுங்கிவிடுவதால், கோட்டைத் தடிமனாக்கியும் பெரிய லாபமில்லை.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது டம்மி ஃபில். சிப்பைத் தேய்த்துச் சமப்படுத்தும்போது மேடு பள்ளம் வராமலிருக்க, ஒவ்வொரு அடுக்கிலும் குறிப்பிட்ட விகிதத்தில் உலோகம் இருக்க வேண்டும் என்பது ஃபவுண்டரியின் விதி. நியாயமான விதிதான். ஆனால் அதை நிறைவேற்றும் கருவிக்கு என் டிரான்ஸ்மிஷன் லைன் (சிக்னல் ஓடும் கோடு) எது, வெற்றிடம் எது என்று தெரியாது. காலி இடம் கண்டால் சின்னச் சின்ன உலோகச் சதுரங்களைக் கொட்டிவிட்டுப் போய்விடும். லைனுக்குப் பக்கத்தில் விழும் சதுரங்கள் கெப்பாசிட்டன்ஸைக் கூட்டும். இழப்பும் கொஞ்சம் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரின் நடுவே விழுந்தால் இன்னும் மோசம். ஆகவே ஃபில்லை நானே கையால் வரைகிறேன், சிமுலேஷனிலும் சேர்த்துக்கொள்கிறேன். விலக்கு கேட்டு ஃபவுண்டரிக்குக் கடிதம் எழுதுவதைவிட இது மேல்.

சிப்புக்கு வெளியே வந்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. சிப்பை வெளியே இணைக்கும் மெல்லிய கம்பியான பாண்ட் ஒயர் 0.3 மில்லிமீட்டர் நீளம் இருந்தாலே அதன் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய 0.3 நானோஹென்றி, 140இல் அது 260 ஓம் சொச்சம். 50 ஓம் பாதையில் அப்படி ஒன்றைச் செருகினால் சிக்னலுக்குக் கதவைச் சாத்தியதாகத்தான் அர்த்தம். எனவே சிப்பைக் கவிழ்த்துப் போட்டு, சின்ன உலோக உருண்டைகள் வழியாக இணைக்கிறோம். சரி, அந்த உருண்டை யாருடையது? சிப் குழுவின் கணக்கு பேடோடு (சிப்பின் மேலுள்ள இணைப்புத் தளத்தோடு) முடிகிறது, சிப்பைத் தாங்கும் பேக்கேஜைச் செய்யும் குழுவின் கணக்கு உருண்டைக்குக் கீழே தொடங்குகிறது. “உங்க பேடு எங்க முடியுது, எங்க பேக்கேஜ் எங்க ஆரம்பிக்குது, அதை மொதல்ல சொல்லுங்க சார்” என்று பேக்கேஜ் குழுவிலிருந்து ஒரு பெண் கேட்டார். அன்றைய கூட்டத்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆண்டெனாவும் இதே எல்லைத் தகராறில் சேர்ந்துகொள்கிறது. பல ஆண்டெனாக்களை ஒன்றாக அடுக்கும் அணியில் அவற்றை அரை அலைநீள இடைவெளியில் வைக்க வேண்டும். அது இங்கே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் பின்னால் ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ஃபேஸ் ஷிஃப்டர், அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதைகள் எல்லாம் அதே சதுர மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். சிக்கலான மாடுலேஷனுக்காக (அலையில் தரவை ஏற்றும் முறைக்காக) உச்ச வெளியீட்டிலிருந்து இறங்கி ஓட்டும்போது சிலிக்கன் பவர் ஆம்ப்ளிஃபையரின் திறன் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் நிற்கும். மீதியெல்லாம் வெப்பம். வெளியில் பேசும்போது உயர் அதிர்வெண்ணைக் காற்று விழுங்கிவிடுகிறது என்பார்கள். 60 கிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜன் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் உறிஞ்சுவது உண்மை. ஆனால் 140 அந்த மாதிரிச் சிகரம் எதிலும் இல்லை, நூறு மீட்டருக்குள் காற்றின் பங்கு அற்பம். அதே ஆதாயமுள்ள ஆண்டெனாக்களை வைத்துக்கொண்டு 28 கிகாஹெர்ட்ஸிலிருந்து 140க்குப் போனால் கூடுதல் இழப்பு 14 டெசிபல். அதற்குக் காரணம் ஆண்டெனா சிறுத்துப்போவது. எண்ணிக்கையைக் கூட்டி அதை ஈடுகட்டலாம். கூட்டினால் வெப்பமும் எல்லைத் தகராறும் சேர்ந்தே பெருகும்.

அப்புறம் அளவெடுப்பது. டேப்அவுட், அதாவது வடிவமைப்பைத் தயாரிப்புக்கு அனுப்புவது, முடிந்து மாதக்கணக்கில் காத்திருந்து கைக்கு வந்த சிப்பை, நுண்ணிய முனைகளால் தொட்டு அளவெடுக்கும் ப்ரோப் ஸ்டேஷனில் வைக்கிறோம். இந்த அதிர்வெண்ணுக்கு சிக்னலை அனுப்பி அளக்கும் நெட்வொர்க் அனலைசருடன், அதன் அதிர்வெண் வரம்பை உயர்த்தும் தனி எக்ஸ்டெண்டர் பெட்டிகளைச் சேர்க்கிறோம். அவற்றிலிருந்து செவ்வக வேவ்கைடு எனும் உலோகக் குழாய் வழியாகத்தான் சிக்னல் ப்ரோபுக்கு வருகிறது. ஜெகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை வேவ்கைடும் ஹார்ன் ஆண்டெனாவும் கொண்டு கையாண்டவர். அந்தக் குழாயைத் திருகி மாட்டும்போது அவர் ஞாபகம் வரும். ப்ரோப் முனை பேடில் பத்து மைக்ரான் தள்ளி இறங்கினாலே ஃபேஸ் மாறிவிடும் என்பதால், அளவீட்டை நம்புவதற்கு முன் காலிபரேஷனை (கருவியைச் சரிசெய்து வைத்ததை) நம்ப முடிகிறதா என்று பார்ப்பதிலேயே காலைப் பொழுது போய்விடுகிறது. சிமுலேஷனோடு ஒத்துப்போகாத ஒரு கோட்டைத் திரையில் பார்த்தால், சிப்பைச் சந்தேகிக்கும் முன் மேசையைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்கள், இது எப்போது போனுக்குள் வரும் என்று கேட்கிறார்கள். அலைவரிசைகளைப் பங்கிடும் 2027 உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் மொபைலுக்காகப் பரிசீலிக்க இருக்கும் பட்டைகள் 4.4 முதல் 15.35 கிகாஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கின்றன. முதல் ஆறாம் தலைமுறை போன்கள் அந்தப் பக்கம்தான் போகும் என்று நினைக்கிறேன். 140க்குப் பொருத்தமான இடம், இரண்டு நிலையங்களுக்கு இடையே குறுகிய தூரத்தில் ஏராளமான தரவை அனுப்பும் இணைப்பாக இருக்கலாம். அங்கே பேட்டரிக் கவலை இல்லை, விசிறியும் வைக்கலாம். அடுத்த டேப்அவுட்டுக்குச் சிப்பின் கடைசிச் சில நூறு மைக்ரானையும், உருண்டையையும், பேக்கேஜின் மேல் அடுக்கையும், ஆண்டெனாவையும் ஒரே சிமுலேஷன் கோப்பில் போட்டிருக்கிறோம். ஓடி முடிக்க இரவு முழுவதும் ஆகிறது. அந்தக் கோப்பை எந்தக் குழுவின் சர்வரில் வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.