கடுவன் பூனையின் மூக்கில் ஆறாத புண்

தோட்டப்புறத்தில் பூனைக்குச் சோறு ஒரு வீட்டில், தூக்கம் இன்னொரு வீட்டில். அதனால் மூக்கில் புண்ணோடு ஒரு கடுவன் திரிந்தால், ‘சண்டையில கடிபட்டிருக்கும், தானா ஆறிடும்’ என்று லயத்து வரிசைவீடுகள் எல்லாமே விட்டுவிடுகின்றன. இரண்டு வாரமாகியும் ஆறாமல் மூக்குத்தண்டு வீங்கி, காதிலும் பாதத்திலும் புதுப்புண் கிளம்பினால் ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோயைச் சந்தேகப்பட வேண்டும். மலேசியப் பூனைகளிடம் இது அபூர்வமில்லை. பிறாண்டினாலும் கடித்தாலும் மனிதருக்கும் ஒட்டும்.

முதலில் உங்கள் கையைக் காப்பாற்றுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை. பூனையைத் தடித்த துவாலையில் சுற்றித் தலை மட்டும் வெளியே. பிறாண்டிவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பின்னால் அந்த இடத்தில் கட்டி வந்து கையில் வரிசையாக மேலேறினால், கிளினிக்கில் பூனை பிறாண்டியதைக் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரணச் சீழ்க்கட்டி என்று ஆண்டிபயாடிக்கோடு அனுப்பிவிடக்கூடும். சிறுபிள்ளைகளும் நீரிழிவுக்காரர்களும் கிட்டே போகவே வேண்டாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை போக வேண்டியிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புண்ணில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை என்றால் பெரும்பாலும் இட்ராகோனசோல் கேப்சூல்தான். எடை பார்த்து அளவை அவரே சொல்லட்டும். கேப்சூலைப் பிரித்தால் உள்ளே கசகசா மாதிரிச் சின்ன உருண்டைகள் இருக்கும். நசுக்காமல், முள்ளெடுத்த அவித்த மீன் ஒரு கரண்டியில் கலந்து, பசியோடிருக்கும் காலையில் அதை மட்டும் வையுங்கள். தின்று முடித்தபின் மீதிச் சாப்பாடு. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பூனை சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வாந்தியெடுத்தாலோ, காதின் உட்புறம் மஞ்சளித்தாலோ ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காரியம் கெடுவது பாதியில் நிறுத்துவதால்தான். புண் மூடி முடி முளைத்ததும் மருந்தை விட்டுவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் பூஞ்சை திரும்பக் கிளம்பும். ஆறியபிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். மொத்தத்தில் பல மாதம் பிடிக்கும். புண்ணில் டெட்டால் ஊற்றாதீர்கள். வலிக்கென்று பெனடால் (பாராசிட்டமால்) கொடுக்காதீர்கள், அது பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்த வீட்டுப் பூனை என்றால், இவ்வளவு நாள் இழுப்பதால் அதை வளர்க்கும் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஆகாது. 2015 விலங்கு நலச் சட்டப்படி நோய்ப்பட்ட பூனையைக் கவனிப்பது வளர்ப்பவரின் கடமைதான். ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றால் மறுநாள் பூனையே கண்ணில் படாது. “அக்கா, மருந்த நான் குடுக்கிறேன். நீங்க கூண்டுல வச்சி, நான் வர்ற வரைக்கும் சோறு மட்டும் போடாதீங்க” என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூண்டு முக்கியம், வெளியே விட்டால் மற்ற பூனைகளுக்கும் பரவும். ஒரு பங்கு குளோரக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்), பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பூனையை வேறிடத்தில் வைத்துவிட்டுக் கூண்டைத் துடையுங்கள். பத்து நிமிடம் ஊறியதும் அலசிக் காயவிடுங்கள்.

மருந்து முடிந்ததும் அதே கிளினிக்கில் காயடித்துவிடுங்கள். கடுவன்களின் சண்டை குறைந்தால் இந்த நோய் பரவும் வழியும் குறையும்.