நேர்த்தி இல்லாத ஒரு பயணம்

எங்கள் ஊரில் யாராவது தூரத்துக் கோயிலுக்குப் புறப்பட்டால், அயலவர் முதலில் கேட்பது "என்ன நேர்த்தி?" என்பதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் மெழுகுதிரி, மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்தால் ஒரு பூசை, பரீட்சையில் தேறினால் மடு மாதா கோயிலுக்கோ ஆயித்தியமலை மாதா கோயிலுக்கோ ஒரு நடை. கேட்டது கிடைத்த பின் செலுத்தும் நன்றி அது. கொடுத்த வாக்கை மறவாமல் நிறைவேற்றும் மனிதர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், என் மாமி மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டபோது நேர்த்தி என்று ஒன்றும் இருக்கவில்லை. "நன்றி சொல்லப் போகிறேன்" என்றார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "கதிரையைப் போட்டு உட்கார், சொல்கிறேன்" என்றார்.

மாமி திருகோணமலையில் பிறந்து, புனித மரியாள் பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். மணமுடித்து எங்கள் ஊருக்கு வந்த பிறகு, பிறந்த ஊருக்கு அவர் போய்வந்தது குறைவு. இம்முறை துணைக்கு என்னை அழைத்தார்.

வாகரை, வெருகல், மூதூர் வழியாகப் பஸ் போனது. ஒவ்வொரு பாலத்திலும் மாமி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். பாலங்கள் இல்லாத காலத்தில் இந்த ஆறுகளைப் பாதையில் கடந்தவர் அவர். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். மழைக்காலத்தில் பாதை ஓடாவிட்டால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதில் பஸ் ஏறியபோது மாமி கண்ணை மூடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, "இந்தப் பாலத்தைக் கட்டியவர்களை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றார். அவருடைய செபம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முகவுரை இல்லை, குரலில் மாற்றம் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற அதே தொனி.

அன்றிரவு உறவினர் வீட்டில் தங்கினோம். படுக்கப் போகுமுன் மாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆத்தும சோதனை செய்தார். நாங்கள் படித்த ஞானோபதேசத்தில் ஆத்தும சோதனை என்றாலே பாவங்களை எண்ணுவது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்கிற ஆயத்தம். மாமி அதை நன்றியில் தொடங்குகிறார். காலையிலிருந்து நடந்தவற்றை ஒன்றொன்றாக எடுத்து முதலில் நன்றி. குற்றங்கள் அதற்குப் பின்புதான். அவருடைய தகப்பனார் அந்த வரிசையைக் கற்றுக்கொடுத்தாராம். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. அதன் தொடக்க காலத்திலேயே பிரெஞ்சு இயேசு சபையினர் வந்து பொறுப்பேற்றார்கள். பின்னர் அமெரிக்க இயேசு சபையினர் வந்தார்கள். அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மிகப் பயிற்சிகளில் தினசரி ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் வகுத்திருக்கிறார். பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது முதற்படி. பாவங்களை அறியும் அருளைக் கேட்பது இரண்டாவது. பிறகுதான் நாளை மணிக்கு மணி ஆராய்வதும், மன்னிப்புக் கேட்பதும், திருந்துவதாக உறுதி கொள்வதும். இந்த ஒழுங்கில் ஆழ்ந்த ஞானம் இருப்பதாக நான் நம்புகிறேன். தான் எவ்வளவு நேசிக்கப்பட்டிருக்கிறோம் என்பதை முதலில் கண்டவனால்தான் தன் குற்றத்தை நடுங்காமல் பார்க்க முடியும். பட்டியலைக் குற்றத்தில் தொடங்குகிறவன் ஒன்றில் சோர்ந்துபோகிறான், அல்லது சாக்குச் சொல்லப் பழகுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பேராலயம் போனோம். 1852ஆம் ஆண்டின் கட்டடம். வான நீல முகப்பில் வெயில் விழுந்திருந்தது. மாமி உள்ளே நுழைந்ததும் பீடத்தைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார். பிறகு எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

அவர் செபமாலையைக் கையில் எடுக்கவில்லை. வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்தது. பக்கத்தில் இருந்ததால் முணுமுணுப்பு என் காதில் விழுந்தது. கண்ணில் புரை நீக்கிய பின் செபப் புத்தகத்தின் சிறிய எழுத்தும் தெரிவதற்கு. எந்த மாத்திரை காலைக்கு, எது இரவுக்கு என்று பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதித் தரும் மருந்துக்கடைப் பையனுக்கு. நாம் ஊரில் இல்லாத நாட்களில் கோழிகளுக்குத் தீன் போடும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. கிணற்றுத் தண்ணீர் மறுபடியும் குடிக்கக்கூடியதாக மாறியதற்கு.

அந்தக் கிணற்றில் என் மனம் நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாயின. மாமியின் வீடு போனது. இளைய மகன் போனான். அந்த மகனின் பெயரையும் அன்று அவர் விரற்கணுவில் தொட்டார். "பதினொரு வருடம் என்னிடம் தந்திருந்தீரே, அதற்கு."

எல்லாம் நன்மைக்கே என்று துக்க வீட்டில் வந்து சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. மாமிக்கும் பிடிக்காது. முன்பு ஒருமுறை அவரிடமே இதைக் கேட்டிருக்கிறேன். "அலைக்காக நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, மகள். சொல்லவும் மாட்டேன். ஆண்டவரும் அதைக் கேட்கவில்லை. அகதி முகாமில் முதல் நாள் கஞ்சி காய்ச்சித் தந்த கைகளுக்குச் சொல்கிறேன்" என்றார். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதியதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. நன்றி சொல்கிறவர் அழக்கூடாது என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை. 22ஆம் சங்கீதம், ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கதறலில் தொடங்கி, சபை நடுவே புகழ்ந்து பாடுவதில் போய் முடிகிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

குருவானவர், "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்றார். "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று கோயில் முழுவதும் பதில் சொன்னது. பின்னர் அப்பத்தை எடுத்து நன்றி கூறும் அந்த இடம் வந்தது. ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். யூதாசு பந்தியில் இருந்த இரவு அது, மறுநாள் சிலுவை. அந்த இரவிலும் அவர் கையில் இருந்த அப்பத்துக்காகத் தந்தைக்கு நன்றி சொன்னார். மாமியின் பக்கத்தில் முழந்தாளிட்டு அதைக் கேட்டபோது என் கண் கலங்கியது. நானும் விரற்கணுவில் பெருவிரலை வைத்தேன். அம்மாவின் மூச்சிளைப்பு இந்த மாதம் குறைந்ததற்கு. வகுப்பில் பேசாமலே இருந்த பிள்ளை போன கிழமை கை உயர்த்தியதற்கு. இரண்டு கணுக்களைத் தாண்டுவதற்குள் வேண்டுதல்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அவற்றுக்கு இடம் விடாமல் அடுத்த நன்றியைத் தேடுவது பழக்கத்தால் வரும் காரியம். மாமிக்கு அது வாழ்நாள் பழக்கம்.

பூசை முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறுவோம் என்று நினைத்தேன். மாமிக்கு வேறு வேலைகள் இருந்தன. கோழிகளுக்குத் தீன் போடும் அக்கா சைவ சமயத்தவர். கோணேசர் கோயில் திருநீறு வேண்டும் என்று கேட்டிருந்தார். கோயில் ஃபிரெடெரிக் கோட்டைக்குள் மலைமேல் இருக்கிறது. கோட்டை வாசலுக்குள் மரநிழலில் மாமியை இருத்திவிட்டு நான் மலையேறினேன். திரும்பி வந்தபோது, அவரைச் சுற்றி இரண்டு மூன்று புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. திருநீற்றுப் பொட்டலத்தை வாங்கி, கசங்காமல் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

பத்துத் தொழுநோயாளரின் கதையை அப்போது மாமி எடுத்தார். பத்துப் பேரும் சுகமானார்கள். ஒருவன் மட்டும், அதுவும் ஒரு சமாரியன், திரும்பி வந்து ஆண்டவரின் காலில் விழுந்தான். "அவன் நடந்து வந்தான் பார்" என்றார் மாமி. "இருந்த இடத்திலிருந்தே நினைத்துக்கொள்ளவில்லை." அவருடைய செபத்தில் பெயர் வந்த மனிதர்களுக்கு, ஊர் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

சந்தையில் கருவாடு வாங்கினோம். கண் சிகிச்சைப் பிரிவில் கைபிடித்து நடத்திய தாதிக்கு ஒரு சேலைத்துண்டு. மருந்துக்கடைப் பையனுக்கு என்ன வாங்குவது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. நல்ல பேனா ஒன்று என்றேன் நான். வளர்கிற பிள்ளை, தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும் என்றார் அவர். இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம்.