காந்தலுக்குப் பெரிய கடை வந்த கதை

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

எங்கள் ஊட்டி காந்தலில், முக்கோணம் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற பழைய கல்யாண மண்டபத்தை இன்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் நம்பர் கார் இரண்டு, நாலைந்து பேர், ஒருத்தர்கூட ஸ்வெட்டர் போடவில்லை, பிப்ரவரி மாசத்து ஊட்டியில்! கொரோனாவுக்கு அப்புறம் அந்த மண்டபத்தில் பெரிதாக எந்தக் கல்யாணமும் நடந்த ஞாபகம் இல்லை. கீழே ஊருக்கு ஊர் கிளை திறந்துகொண்டிருக்கிற ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி வாடகைக்கு எடுக்கிறதாம்.

புதிதாகக் கட்டுவது என்றால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டார்கள். மலையில் 7 மீட்டருக்கு மேல் எழுப்ப விடமாட்டார்கள், கொஞ்சம் பெரிதாகப் பிளான் போட்டாலே கமிட்டி, அனுமதி என்று வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் சும்மா கிடக்கிற மண்டபம், தியேட்டர் என்று தேடி வருகிறார்கள்.

பாய் கடையில் டீத்தூள் வாங்கும்போது பேச்சுக் கொடுத்தேன். "வரட்டும் தம்பி, காந்தலுக்குன்னு யார்தான் வந்திருக்கா" என்றார். அதுவும் சரிதான். இந்து நகர் போட்டோ ஃபிலிம் கம்பெனி ஓடிய காலத்தில் சம்பளத் தேதியில் இந்த ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது என்பார்கள். 1960-ல் ஆரம்பித்த சர்க்கார் கம்பெனி, தொண்ணூறுகளிலேயே நொடித்து, கடைசியில் மிச்சமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூடிவிட்டார்கள். இப்போது இங்கே இருப்பது மார்க்கெட் லோடுமேன், குதிரைக்காரர், லாட்ஜில் ரூம் கூட்டப் போகும் பெண்கள், கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவப் போகிறவர்கள். சீசன் இருந்தால் காசு, இல்லாவிட்டால் நோட்டு. நோட்டு என்றால் பாய் கடைக் கணக்கு நோட்டு.

20 பிப்ரவரி, வியாழன்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊர் சமாச்சாரம் எல்லாம் காகிதமாக வந்து சேர்ந்துவிடும். இந்த வாரம் முழுக்க பயோடேட்டா. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகள்தான் அதிகம். எதிர்வீட்டு அக்கா மகள் வந்து, முன் அனுபவம் என்கிற இடத்தில் என்ன போடுவது என்று முழித்தாள். போன சீசனில் சாக்லேட் கடையில் நின்றாயே, அதைப் போடு என்றேன். "அது மூணு மாசம்தானேண்ணா?" மூணு மாசம் போதும், போடு.

மத்தியானம் அதே கம்ப்யூட்டரில் வியாபாரிகள் கலெக்டருக்குக் கொடுக்கப்போகும் மனு. 'அந்நிய முதலீட்டை ஊட்டிக்குள் விடாதே' என்று முதல் வரி. அண்ணாச்சி, இது அந்நியக் கம்பெனி இல்லையே என்றேன். 2012-ல் பலசரக்கு மாதிரி பல பொருள் விற்கும் சில்லறைக் கடைகளில் 51 சதவீதம் வரை வெளிநாட்டுப் பணம் வரலாம் என்று டெல்லி முடிவெடுத்தபோதே, எடுத்துக்கொள்வது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்றார்கள், தமிழ்நாடு வேண்டாம் என்றுவிட்டது. அதுவும் அவர்கள் மனதில் வைத்திருந்தது 10 லட்சம் ஜனத்தொகைக்கு மேல் உள்ள நகரங்களை. ஊட்டி 2011 கணக்குப்படி 88 ஆயிரத்துச் சொச்சம். எல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி, "இருக்கட்டும்பா, ஒரு வேகத்துக்கு இருக்கட்டும்" என்றார். அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

சூப்பர் மார்க்கெட் என்பதே கீழேயிருந்து வருகிற சமாச்சாரம் என்று அவர் பேசியதற்கும் ஒரு பதில் இருந்தது, சொல்லவில்லை. பெங்களூரில் பேர் வாங்கிய நீல்கிரீஸ் கடை 1905-ல் நம் குன்னூரில் ஆரம்பித்தது. கோயம்புத்தூருக்கும் மலைக்கும் தபால் சுமந்த முத்துசாமி முதலியார், துரைமார்களுக்கு வெண்ணெய் விற்று வளர்த்தார். 1936-ல் பிரிகேட் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். காசு எங்கே இருக்கிறதோ அங்கே கடை போகும், அவ்வளவுதான். அப்படியானால் காந்தலுக்கு ஏன் வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2 ஏப்ரல், புதன்

நேற்றிலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்குக் கட்டுப்பாடு. கோர்ட் உத்தரவுப்படி வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிக்கு மேல் ஈ-பாஸ் கிடையாது. அதை எதிர்த்து இன்று கடையடைப்பு, நானும் ஷட்டரை இறக்கிவிட்டேன். மண்டபத்துக்குள் மட்டும் வேலை நடந்தது. லாரியில் இரும்பு ரேக் வந்து இறங்கியது, இறக்கியவர்கள் நம் தெரு ஆட்கள். பந்த் அன்று கூலி கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள், அவர்களை என்ன சொல்வது.

1 மே, வியாழன்

திறந்தாயிற்று. சர்க்கரையை அடக்க விலைக்கும் கீழே போட்டார்கள் போல, சாயங்காலம் வரை வரிசை குறையவில்லை. நானும் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினேன். பார்க்கிங் இல்லாத கடை வாசலில் கார்கள் நின்றதைப் பார்த்ததும் பிப்ரவரி சந்தேகம் தீர்ந்தது. இவர்கள் காந்தலுக்கு வரவில்லை, ஃபிங்கர்போஸ்ட் பக்கத்து உத்தியோகஸ்தர்கள், இந்து நகர் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டவர்கள், இவர்களுக்காக வந்திருக்கிறார்கள். வாடகை குறைவு என்பதால் காந்தல்.

காய்கறிப் பக்கம் 'ஊட்டி கேரட்' என்று போர்டு. சீராக, ஒரே நீளமாக, ஒரே தடிமனாக. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கீழே குடோனிலிருந்தாம். கேத்தியில் பிடுங்கியது நாற்பது ஐம்பது கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம் மண்டி, அங்கிருந்து கம்பெனி குடோன், தரம் பிரித்து, மறுபடி கொண்டை ஊசி எல்லாம் ஏறி இங்கே. கோணல் கேரட் மட்டும் நம் மார்க்கெட்டில். (கோணல் கேரட்தான் ருசி, அது வேறு விஷயம்.)

பருப்பு, மல்லி, கடுகு என்று எல்லாமே பளபளக்கிற பாக்கெட்டில் இருக்கிறது. மாநிலம் முழுக்க 2019-ல் வந்த பிளாஸ்டிக் தடை எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே வந்தது. பாய் இன்றைக்கும் பேப்பரில்தான் பொட்டலம் கட்டுகிறார், ஒரு கேரி பேக் கண்ணில் பட்டால் அவருக்கு ஃபைன்.

5 மே, திங்கள்

வணிகர் தினம். சங்கக் கடைகள் எல்லாம் லீவு. பெரிய கடை திறந்திருந்தது, நல்ல கூட்டம். மனு அடிக்க வந்த அண்ணாச்சி வீட்டுக்கே அங்கிருந்துதான் பால் போனது என்று ஒருத்தர் சொன்னார். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

16 ஜூன், திங்கள்

உரிமைத்தொகை ஆயிரம் ஏறிவிட்டது. முன்பெல்லாம் ஏறின அன்றே பாய் கடைப் பழைய பாக்கியில் ஐந்நூறாவது போய் நிற்கும். இந்த மாசம் பாதிப் பேர் நேராகப் பெரிய கடைக்குப் போய் ஐந்து லிட்டர் எண்ணெய், துணி சோப்பு சலுகை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அரிசி ரேஷனில் சும்மா கிடைக்கிறது, பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் அங்கேயே, ஸ்டாக் இருந்தால். ஆக, கடைக்காரருக்கு லாபம் நிற்கிற சோப்பு, மசாலா, பிஸ்கட்தான் இவர்கள் வெளியே வாங்குவது. அதுதான் போகிறது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முதல் சம்பளம். பிடித்தம் போகப் பதினோராயிரத்துச் சில்லறை. அக்கா அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து பி.எஃப். என்றால் என்ன, இ.எஸ்.ஐ. என்றால் என்ன என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுவிட்டு, லேமினேஷன் போடச் சொன்னாள். மாசாமாசம் வரும்க்கா, எல்லாத்தையும் லேமினேட் பண்ணுவீங்களா என்றேன். முதலாவதை மட்டும் போடு என்றாள். அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் பி.எஃப். நம்பர் என்று ஒன்று இருந்ததில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த நாட்குறிப்பு ஒப்பாரியாகிவிடும்.

கால் வலிக்கிறது என்கிறாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். பில் போடுகிற இடத்தில் ஸ்டூல் இருக்கிறதாம், ரேக் அடுக்குகிறவர்களுக்கு இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பாய் தன் கணக்கு நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். நீட்டு நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஆள் பேரே கிடையாது. பச்சை கேட்டு, குதிரை, கேரட் அக்கா, சுகர் பாட்டி, 'பாட்டி பேரன் (சின்னவன்)'. கேரட் அக்கா பக்கத்தில் மழை நாளெல்லாம் வரிசையாகத் தெரிகிறது: பால் பாக்கெட், முட்டை இரண்டு, மெழுகுவத்தி, பால் பாக்கெட். மே கடைசியில் அந்தப் பெருமழை நாட்களில் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. வேலை நின்றதும் நோட்டு எழும், வேலை வந்ததும் கோடு போட்டு அடிபடும்.

டைப் அடித்துக்கொண்டே, நோட்டுக்காரர்கள் யாரும் பெரிய கடைக்குப் போய்விடவில்லையே பாய், அப்புறம் ஏன் நஷ்டம் என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கடன் குடுத்தது நான் இல்ல தம்பி. ரொக்கக்காரங்க குடுத்தது. வாத்தியார் வீடு, டிரைவர் வீடு, நர்ஸம்மா, இவங்கல்லாம் மாசச் சாமான் மொத்தமா எடுத்து ரொக்கம் வைப்பாங்க. அந்தக் காசுல மண்டியில மறு சரக்கு எடுப்பேன். அந்தச் சரக்குல கொஞ்சம் நோட்டுல நிக்கும், ரெண்டு மாசம் கழிச்சு வரும். இப்ப ரொக்கம் அங்க போயிடுச்சு, நோட்டு மட்டும் இங்க இருக்கு. மண்டிக்காரன் நோட்டப் பாத்தா சரக்கு போடுவான்?"

சோப்பு, பேஸ்ட் மாதிரி கம்பெனிச் சரக்கில் நூற்றுக்கு எட்டு பத்துதான் நிற்குமாம், அதில் பாக்கியைச் சுமக்க முடியாது. அதனால் இந்த மாசத்திலிருந்து ஒரு வீட்டுக்கு ஐந்நூறுக்கு மேல் நோட்டு கிடையாது.

எனக்கு உறைத்தது இதுதான். பெரிய கடை பாயோடு போட்டி போடவே இல்லை, சுகர் பாட்டியை யாரும் அங்கே வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வாத்தியார் வீட்டுக்கு மாசம் முந்நூறு நானூறு மிச்சமாகிறது, அது அவர் உரிமை, நானே பேப்பர் பண்டல் எங்கே மலிவோ அங்கேதான் எடுக்கிறேன். ஆனால் வாத்தியாருக்கு மிச்சமாகிற அந்தக் காசுதான் இத்தனை வருஷம் மழை நாளில் கேரட் அக்கா வீட்டுக்கு முட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. இது வாத்தியாருக்கும் தெரியாது, கேரட் அக்காவுக்கும் தெரியாது.

23 செப்டம்பர், செவ்வாய்

நேற்று முதல் புது ஜி.எஸ்.டி. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம். நல்லதுதான். பெரிய கடையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்யூட்டரில் விலை மாறிவிட்டது. பாய் கடையில் பழைய விலை அச்சடித்த பாக்கெட்டைக் காட்டி, டி.வி.யில் குறைஞ்சிருச்சுன்னாங்களே என்று காலையிலிருந்து சண்டை. இதில் 5 ரூபாய் பிஸ்கட்டை 4 ரூபாய் 45 காசு என்று வேறு போட்டிருக்கிறார்கள், காசுக்கு எங்கே போவது? போனில் ஸ்கேன் பண்ணிக் கட்டுகிறவனுக்கு மட்டும்தான் அந்த 55 காசு.

ஒன்றில் மட்டும் பாயை அசைக்க முடியாது, ஒற்றை சாஷே. கூலிக்காரனும் வாங்குகிற மாதிரி ஷாம்புவைப் பொடிப் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று கடலூர் சின்னி கிருஷ்ணன் இறங்கிய நாளிலிருந்து அது பெட்டிக்கடைச் சரக்கு. பெரிய கடையில் பன்னிரண்டு சேர்ந்த சரமாகத்தான் தருகிறார்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிச் சலுகை. எண்ணெயும் சர்க்கரையும் பெரிய கடையில் விற்கிற விலைக்குப் பாய்க்கு மண்டியிலேயே கிடைக்காது. ஒரு பில்லுக்கு இரண்டுதான் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் போர்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

இன்று சாயங்காலம் பார்த்தால் தெருப் பையன்கள் வரிசையாக இரண்டிரண்டு எண்ணெய் பாக்கெட்டோடு பாய் கடைக்குள் போகிறார்கள். ஒரு நடைக்கு ஒரு கடலை மிட்டாய் கூலி. பாய் அதைப் பிரித்து நூறு மில்லி, ஐம்பது மில்லி என்று அளந்து நோட்டுக்காரர்களுக்கு விற்கிறார். பில் போடுவது எதிர்வீட்டுப் பெண். எல்லாப் பையன்களையும் அவளுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவருக்கு டார்கெட் ஏறுதுண்ணா, கண்டுக்க மாட்டார்" என்றாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் பையன்கள் கிடைக்க மாட்டார்களாம். கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நடை போய் வா என்று பாய் என்னிடம் காசு கொடுத்திருக்கிறார். இரண்டு எண்ணெய், இரண்டு சர்க்கரை. கடலை மிட்டாய் எனக்கும் உண்டாம்.